தலையெழுத்தா? மூளை வளர்ச்சியா?

நம் மக்கள் வாயில் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரையில் அதிகமாகப் புழங்குகின்ற சொல் எது என்று கணக்கெடுத்தால், "தலையெழுத்து" என்கின்ற சொல்லுக்கே முதல் இடம் கிடைக்கும். குழந்தை ஊமையாய்ப் பிறந்தால் தலையெழுத்து. பையன் பரீட்சையில் தவறினால் தலையெழுத்து. பெண் சிறு வயதில் கணவனை இழந்தால் தலையெழுத்து. உழுகின்றவன் பட்டினி கிடந்தால் தலையெழுத்து. உழாதவன் கொழுத்திருந்தால் அதுவும் தலையெழுத்து! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம், எந்த அக்கிரமத்தையும் மூடி மறைத்துவிடலாம் என்றால், இதைப்போல் சோம்பேறிக்கும் பித்தலாட்டக்காரனுக்கும் உதவியான சொல் உலகத்தில் வேறு எந்த பாஷையிலாவது உண்டா என்று கேட்கின்றோம்.

இந்த எழுத்தை எழுதினவர் பிரம்மா என்கின்றார்கள். எங்கே எழுதினார் என்றால் மண்டை ஓட்டில் என்கின்றார்கள். அத்தாட்சி எங்கே என்று கேட்டால், சுடுகாட்டில் கிடக்கும் மண்டை ஓட்டை எடுத்துக் காட்டி, அதன்மேல் வளைந்து வளைந்து போகின்ற கோடுகள்தான் பிரம்ம லிபி என்றும், அதைப் படிக்கத்தான் நமக்குச் சக்தி இல்லை என்றும் சொல்லுகின்றார்கள். படிக்கவே முடியாத எழுத்தை, எழுத்து என்று மாத்திரம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி இன்னும் எளிது. ஆட்டுத்தலை வாங்கிச் சமைக்கின்ற எந்தத் தாயாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதே மாதிரி வளைந்த கோடுகள் ஆட்டின் மண்டையிலும் இருக்கின்றன. அப்படியானால் ஆட்டுக்கும் பிரம்மா உட்கார்ந்து எழுதினாரா? "இன்ன கிழமையில் இன்னார் வீட்டுக் குழம்பில் வேகக்கடவாய்" என்று எழுதினாரா?

உண்மை என்னவென்றால், அந்தக் கோடுகள் எழுத்தல்ல, எலும்புகளின் மூட்டு. மண்டை ஒரே எலும்பல்ல. பல எலும்புத் தகடுகள் சேர்ந்தது. பிரசவ காலத்தில் குழந்தையின் தலை குறுகிய வழியில் வெளியே வரவேண்டியிருப்பதால், தகடுகள் சற்று நெருங்கிக் கொடுப்பதற்காக அந்த மூட்டுகள் இளகி இருக்கின்றன. பிறந்த பிறகு மூளை வளரவேண்டியிருப்பதால், அது வளர வளர ஓடும் விரிவதற்காக அவை திறந்திருக்கின்றன. பச்சைக் குழந்தையின் உச்சியில் துடிக்கின்ற உச்சிக்குழியை யாரும் தொட்டுப் பார்த்திருப்பார்கள். பிறக்கும்போது சுமார் 350 முதல் 400 கிராம் வரை இருக்கும் மூளை, முதல் வருஷத்திற்குள் ஏறக்குறைய இரண்டு மடங்காகின்றது. பெரியவர்களுக்கு அது 1,300, 1,400 கிராம் அளவில் இருக்கின்றது. அந்த மூட்டுகள் வெகு சீக்கிரத்தில் மூடிக்கொண்டால் மண்டை கோணலாகும், மூளைக்கு இடம் நெருக்கடியாகும். அப்பொழுது இன்றைய வைத்தியர் அந்த எலும்பை அறுத்துத் திறந்து, வளர இடம் செய்து கொடுக்கின்றார். ஆகவே தோழர்களே, நம்மவர்கள் எதை "மாற்ற முடியாத விதி" என்று காட்டினார்களோ, அதுவே "இன்னும் வளரவேண்டும், இடம் விடு" என்று இயற்கை விட்டிருக்கும் இடைவெளியாய் இருக்கின்றது!

மூளை எப்படி உண்டாகின்றது என்பதையும் சற்றுப் பார்ப்போம். கருவுற்ற மூன்றாவது வாரத்தில் கரு மூன்று அடுக்குத் தகடாய் இருக்கின்றது. மேல் அடுக்கின் ஒரு பகுதி தடித்து, பள்ளமாகி, இரண்டு ஓரங்களும் எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்து குழாயாகின்றது. வெற்றிலையைச் சுருட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழாய் ஏறக்குறைய 28-வது நாளில் மூடி முடிகின்றது. அதன் மேல் நுனி மூளையாகவும், கீழ்ப்பகுதி முதுகுத் தண்டின் நரம்பாகவும் ஆகின்றன. அதே மேல் அடுக்கின் மிச்சப் பகுதிதான் உடம்பு முழுவதையும் போர்த்துகின்ற மேல்தோல் ஆகின்றது. அதாவது, மூளையும் உள்ளங்கால் தோலும் ஒரே தகட்டின் பிள்ளைகள்! தலையில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒரு கதையைச் சொல்லி ஊரை இரண்டாக்கி, கிணற்றை இரண்டாக்கி, சுடுகாட்டைக்கூட இரண்டாக்கினார்களே, அந்தத் தலைக்கும் காலுக்குமே பிறப்பிடத்தில் இந்த வித்தியாசம் இல்லை என்றால், அந்தக் கதைக்கு இனி என்ன மரியாதை மிச்சம் இருக்கின்றது?

இதிலும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பெமான் என்கின்ற பேராசிரியரிடம் ஹில்டே மங்கோல்டு என்கின்ற பெண் மாணவி ஆராய்ச்சி செய்து வந்தார். நீரில் வாழும், பல்லி போன்ற நியூட் என்னும் பிராணியின் கருவில் ஒரு சிறு துண்டை எடுத்து, மற்றொரு கருவின் வயிற்றுத் தோலாக வேண்டிய பக்கத்தில் ஒட்டி வைத்தார். என்ன ஆயிற்று? வயிற்றுத் தோலாக வேண்டிய செல்கள், பக்கத்தில் வந்து சேர்ந்த துண்டின் தூண்டுதலால் மூளையும் முதுகு நரம்பும் ஆகிவிட்டன. ஒரு கருவில் இரண்டாவது உடம்பு ஒன்று உருவாயிற்று. 1924-ம் வருஷத்தில் இது வெளியிடப்பட்டது. அந்த வருஷத்திலேயே, இருபத்தைந்து வயதுகூட முழுவதும் கடந்திராத அந்தப் பெண் தீ விபத்தில் இறந்துபோனார். 1935-ல் நோபெல் பரிசு ஸ்பெமானுக்குக் கிடைத்தது. இந்தப் பரிசோதனையின் சாரம் என்ன? ஒரு செல் தோலாவதும் மூளையாவதும் அதன் நெற்றியில் எழுதியிருக்கவில்லை. அது இருக்கும் இடமும், அதற்குக் கிடைக்கும் அக்கம் பக்கத்துச் சங்கதியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதாகும். செல்லுக்கே குலத்தொழில் இல்லாதபோது, செல்கள் கோடி கோடியாய்ச் சேர்ந்த மனிதனுக்கு மாத்திரம் குலத்தொழில் எங்கிருந்து வந்தது?

மற்றொரு பெண்ணின் கதையையும் கேளுங்கள். இத்தாலியில் டூரின் நகரத்தில் 1909-ல் பிறந்த ரீட்டா லெவி மொண்டால்சினி என்பவர், பெண்களுக்கு மேல்படிப்பு எதற்கு என்று நினைத்த தகப்பனாரிடம் வாதாடி வைத்தியம் படித்தவர். 1938-ல் முசோலினி அரசாங்கம், யூதராய்ப் பிறந்தவர்களுக்குக் கல்லூரிகளில் உத்தியோகம் இல்லை என்று சட்டம் செய்து அவரை வெளியே தள்ளிற்று. அந்த அம்மையார் "நம் தலையெழுத்து" என்று அழுதுகொண்டு உட்காரவில்லை. தன் படுக்கை அறையையே ஆராய்ச்சிசாலை ஆக்கி, தையல் ஊசியைக் கூராக்கிக் கருவியாக வைத்துக்கொண்டு, கோழி முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் நரம்புகள் எப்படி வளருகின்றன என்று பார்த்தார். யுத்தத்திற்குப் பிறகு அமெரிக்காவில் அந்த வேலையைத் தொடர்ந்து, நரம்புச் செல்களை வளரத் தூண்டுகின்ற ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். 1986-ல் நோபெல் பரிசு பெற்று, 103 வயது வரை வாழ்ந்தார். பிறப்பைக் காட்டி ஒருவரைப் படிப்பிலிருந்து விலக்குகின்றவர்கள் அந்த நாட்டிலும் இருந்தார்கள், இந்த நாட்டிலும் இருந்தார்கள். விலக்கப்பட்டவரின் மூளைதான் மூளையைப் பற்றிய இரகசியத்தைக் கண்டது. விலக்கினவர்களின் மூளை என்ன கண்டது?

நிற்க, இதெல்லாம் மேல்நாட்டுப் பண்டிதர்களின் விஷயம், உழுகின்றவனுக்கும் நெய்கின்றவனுக்கும் இதில் என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கின்றது தோழர்களே! உங்கள் வீட்டுக் குழந்தையின் வாழ்வும் சாவுமே இதில் இருக்கின்றது.

மேலே சொன்ன குழாய் சரியாய் மூடாவிட்டால், குழந்தை முதுகு பிளந்தோ, மண்டை ஓடும் மூளையும் இல்லாமலோ பிறக்கும். அப்படிப் பிறந்தால் நம் நாட்டில் என்ன செய்தார்கள்? பூர்வ ஜன்ம பாபம் என்றார்கள். கிரகணத்தில் தாய் வெளியே வந்தாள் என்றார்கள். பாம்பை அடித்த தோஷம் என்றார்கள். தாயை மூதேவி என்றார்கள். பரிகாரம் என்று சொல்லிப் பணத்தையும் பிடுங்கினார்கள். விஞ்ஞானம் என்ன செய்தது? லூசி வில்ஸ் என்ற இங்கிலீஷ் பெண் டாக்டர் 1928 முதற்கொண்டு பம்பாயில், மில் வேலை செய்யும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான இரத்தச் சோகையை ஆராய்ந்தார். அது கிரக தோஷமல்ல, சாப்பாட்டுக் குறைவு என்று கண்டு, ஈஸ்ட்டிலிருந்து செய்த ஒரு சத்தைக் கொடுத்துக் குணப்படுத்தினார். அதில் இருந்த பொருளே பிறகு கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, லத்தீன் பாஷையில் இலை என்று பொருள்படும் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1991-ல் முடிந்த ஒரு பெரிய பரிசோதனையில், முன்பு இப்படிப்பட்ட குழந்தை பெற்ற தாய்மார்களில் ஒரு பகுதியாருக்குக் கருவுறும் முன்பிருந்தே இந்தச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1,195 பிரசவங்களில் 27 குழந்தைகளுக்கு மேற்படி குறை இருந்தது. அவற்றில் சத்துச் சாப்பிட்டவர்களின் குழந்தைகள் 6, சாப்பிடாதவர்களின் குழந்தைகள் 21. அதாவது நூற்றுக்கு 72 பங்கு அபாயம் குறைந்தது. எல்லாக் குறைகளும் இதனால் நீங்கிவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் பிரம்மா எழுதின எழுத்தில் முக்கால் பங்கைச் சில காசு பெறுமான ஒரு மாத்திரை அழித்துவிடுமானால், அது என்ன எழுத்து? அவர் என்ன பிரம்மா?

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. குழாய் மூடுவது 28-வது நாளில். அநேக ஸ்திரீகளுக்குத் தாம் கர்ப்பமாய் இருப்பதே அப்பொழுதுதான் தெரியவரும். ஆகையால் அந்தச் சத்தைக் கருவுறும் முன்பே சாப்பிட்டாக வேண்டும். கல்யாணத்திற்கு முன் பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு ஒரு வாரம் அலைகின்றவர்கள், பெண்ணின் இரத்தம் எப்படி இருக்கின்றது என்று பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குகின்றார்களா? ஜாதகக் கட்டத்தில் செவ்வாய் எங்கே இருக்கின்றது என்று பார்க்கின்றவர்கள், அவள் இலையில் கீரையும் பயறும் இருக்கின்றதா என்று பார்க்கின்றார்களா? ஆண்கள் தின்று மிஞ்சினதைத் தின்னவேண்டியவள் பெண் என்று வைத்துவிட்டு, பிறகு பிள்ளையின் குறைக்கு அவள் பாபத்தைக் காரணம் சொல்லுவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்!

நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். இரண்டும் பிறந்தபோது நன்றாய் இருந்து, வளர வளர அறிவு மங்கிப்போயின. குழந்தைகளின் சிறுநீரில் ஒருவித நாற்றம் அடிப்பதைக் கண்ட அந்தத் தாய், ஏன் என்று வைத்தியர் வைத்தியராய்க் கேட்டுத் திரிந்தாள். 1934-ல் பொல்லிங் என்கின்ற வைத்தியர் மாத்திரம் அவள் கேள்வியை அலட்சியம் செய்யாமல் சோதித்துப் பார்த்து, உணவில் உள்ள ஒரு பொருளை அந்தக் குழந்தைகளின் உடல் செரிக்க முடியாமல், அது தேங்கி மூளையைக் கெடுக்கின்றது என்று கண்டார். 1950-களில் அந்தப் பொருள் குறைந்த ஆகாரம் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 1960-களின் துவக்கத்தில் கத்ரி என்கின்ற அமெரிக்கர், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி செய்தார். ஆரம்பத்திலேயே ஆகாரத்தை மாற்றிக் கொடுத்தால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளருகின்றது. இதே மாதிரி, பிறவியிலேயே தைராய்டு சுரப்பி வேலை செய்யாத குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே மருந்து கொடுத்தால் மூளை பிழைக்கின்றது. தாமதித்தால் போனது போனதுதான். தலையில் எழுதியதாகச் சொன்ன விதி, குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் மாறிவிட்டது! "ஏன்?" என்று கேட்ட ஒரு தாயால் எத்தனையோ நாட்டுக் குழந்தைகள் பிழைத்தன. "எல்லாம் அவன் செயல்" என்று அந்தத் தாயும் இருந்திருந்தால்? இன்றும் நம் நாட்டில் அந்த ஒரு சொட்டு இரத்தப் பரிசோதனை எல்லா ஊர்க் குழந்தைகளுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் பிறந்த நேரத்தைக் குறித்து ஜாதகம் எழுதுவதற்கு மாத்திரம் எந்த ஊரிலும் குறைவில்லை.

உப்பைப் பாருங்கள். இமயமலை அடிவாரத்தில் கங்க்ரா பள்ளத்தாக்கில் ஊர் ஊராய்க் கழுத்துக் கழலை இருந்தது. அயோடின் என்கின்ற சத்து மண்ணிலும் நீரிலும் குறைந்ததே காரணம். தாய்க்கு அது மிகவும் குறைந்துபோனால் குழந்தையின் மூளை வளராது, காது கேளாது, பேச்சு வராது. 1956 முதல் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதியாக்கி, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்புச் சாப்பிட்ட பகுதிகளில் சில வருஷங்களில் கழலை வெகுவாய்க் குறைந்தது. பிறகு மூன்றாவது பகுதிக்கும் கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. 1962-ல் நாட்டிற்கே கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. எத்தனை தலைமுறையாக அந்த மலை ஜனங்கள் எத்தனை தேவதைகளுக்குப் படையல் போட்டிருப்பார்கள்! தேவதைகள் செய்யாததை ஒரு சிட்டிகை உப்புச் செய்தது.

கண்ணைப் பாருங்கள். ஹூபெல், வீசெல் என்னும் இருவர் 1960-களில் பூனைக் குட்டியின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடி வைத்துத் திறந்தார்கள். கண் பழுதில்லை, ஆனால் பார்வை இல்லை. ஏனெனில் பார்க்கின்ற வேலையை மூளை கற்றுக்கொள்ளவேண்டிய பருவத்தில் வெளிச்சம் கிடைக்கவில்லை. இதற்காக அவர்களுக்கு 1981-ல் நோபெல் பரிசு வந்தது. இதிலிருந்து, பிறவிக் குருடாய் எட்டு, பத்து வயது கடந்தவர்களுக்கு அறுவை செய்து பயனில்லை என்று வெகு காலம் எண்ணியிருந்தார்கள். பவன் சின்ஹா என்கின்ற இந்திய விஞ்ஞானி வடநாட்டுக் கிராமங்களில், புரை நோயுடன் பிறந்தும் வைத்தியம் கிடைக்காமல் கிடந்த குழந்தைகளைத் தேடி அறுவை செய்வித்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கின்றார்கள் என்று கவனித்தார். 2011-ல் வெளியான ஆராய்ச்சியில், 8 முதல் 17 வயது வரையுள்ளவர்கள், கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்தவுடன் அடையாளம் காண முடியவில்லை. ஆனால் சில நாட்களுக்குள் கற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்தது. மூளை நாம் நினைத்ததைவிடத் தாராளமானது. அந்தக் குழந்தைகள் அத்தனை வருஷம் இருட்டில் கிடந்ததற்குக் காரணம் புரையா, அல்லது "கர்மம்" என்று சொல்லி வைத்தியரிடம் கொண்டுபோகாமல் வைத்த நம் அறிவீனமும், வைத்தியரையே அந்தப் பக்கம் அனுப்பாத அரசாங்கங்களின் அலட்சியமுமா?

சோறும் மருந்தும் மாத்திரம் போதாது. ருமேனியா தேசத்தில் 1989-ல் செளசெஸ்கு ஆட்சி விழுந்தபோது, அனாதை விடுதிகளில் ஏராளமான குழந்தைகள் தூக்குவாரும் பேசுவாரும் இன்றிக் கட்டிலில் கிடந்தன. 2000-ம் வருஷம் முதல் புக்காரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை ஆராய்ந்து, சீட்டுப் போட்டது போல் ஒரு பாதியை வளர்ப்புப் பெற்றோரிடம் கொடுத்தார்கள். வீட்டில் வளர்ந்தவை அறிவில் முந்தின. அதிலும் இரண்டு வயதிற்குள் போனவை அதிகம் முந்தின. குழந்தையோடு பேசுவதும், எடுத்து அணைப்பதும், விளையாடுவதும் மூளைக்கு ஆகாரம் என்பது இதனால் விளங்கவில்லையா? தலைமுறை தலைமுறையாய் ஒரு கூட்டத்தாரைப் படிக்காதே, கேட்காதே, எட்டி நில் என்று வைத்துவிட்டு, பிறகு அவர்கள் பிள்ளைகளைப் பார்த்து "இவர்களுக்குப் பிறவியிலேயே புத்தி மட்டு" என்று சொல்லுவது, காலைக் கட்டிப் போட்டுவிட்டு இவனுக்கு ஓடத் தெரியவில்லை என்று சிரிப்பதற்கு ஒப்பாகும்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் செய்கின்றோம். புராணத்தால் நிற்காத ஜாதித் திமிர், சில சமயம் விஞ்ஞான வேஷம் போட்டுக்கொண்டும் வருவதுண்டு. மேல்நாட்டில் மண்டையை அளந்து வெள்ளையனே உயர்ந்தவன், ஆணே உயர்ந்தவன் என்று சொன்னார்கள். இந்தியாவில் ரிஸ்லி என்கின்ற வெள்ளைக்கார அதிகாரி மூக்கை அளந்து, மூக்கின் அகலத்திற்கும் ஜாதியின் உயர்வு தாழ்வுக்கும் முடிச்சுப் போட்டார். அவர் பொறுப்பில் நடந்த 1901-ம் வருஷத்து ஜனக் கணக்கில் ஜாதிகளை வரிசைப்படுத்தவும் முயன்றார். மூளையின் எடையே அறிவு என்றால், துர்கனேவ் என்கின்ற ருஷிய எழுத்தாளரின் மூளை 2,012 கிராம். அனதோல் பிரான்ஸ் என்கின்ற பிரெஞ்சு எழுத்தாளரின் மூளை 1,017 கிராம். நோபெல் பரிசு பெற்றவர் இரண்டாமவர்! பெற்றோரிடமிருந்து வரும் விதைக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. விதையும் உண்டு, நிலமும் உண்டு. ஆனால் நல்ல விதை ஒரு ஜாதியின் பத்தாயத்தில் மாத்திரம் இருக்கின்றது என்பதுதான் புளுகு.

வைதிகர்கள் இதற்கெல்லாம் இரண்டு சமாதானம் வைத்திருக்கின்றார்கள். முதலாவது, "விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்லுவார்கள், நாளை மாற்றிச் சொல்லுவார்கள், எங்கள் சாஸ்திரமோ மாறாதது" என்பது. ஆம், மாற்றித்தான் சொல்லுகின்றார்கள். மூளையில் பத்தாயிரம் கோடி நரம்புச் செல்கள் என்று வெகு காலம் புத்தகங்கள் சொல்லி வந்தன. 2009-ல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள், மூளையைக் கரைசலாக்கி எண்ணிப் பார்த்து, சுமார் 8,600 கோடிதான் என்றார்கள், உலகம் ஏற்றுக்கொண்டது. கோல்கியும் கஹாலும் 1906-ல் நோபெல் பரிசைப் பங்கிட்டுக் கொண்டார்கள். ஆனால் நரம்புகள் எல்லாம் ஒரே வலை என்று ஒருவரும், தனித்தனிச் செல்கள் என்று மற்றவரும் அந்த மேடையிலேயே மாறுபட்டார்கள். கஹால் சொன்னது நின்றது. அந்தக் கஹாலே, வளர்ந்த மூளையில் புதுச் செல் பிறக்காது என்றார். 1962-ல் ஆல்ட்மன் என்பவர் எலியில் பிறக்கின்றது என்றார். பல வருஷம் யாரும் காது கொடுக்கவில்லை. 1998-ல் மனிதனிலும் பிறக்கின்றது என்று ஒரு கூட்டத்தார் காட்டினார்கள். 2018-ல் இல்லை என்று ஒரு கூட்டமும், உண்டு என்று மற்றொரு கூட்டமும் சொல்லிற்று. 2025-ல் ஸ்வீடன் தேசத்தார், பெரியவர்களின் மூளையில் புதுச் செல்லுக்குத் தாயான செல்களைக் கண்டோம் என்று வெளியிட்டார்கள். எதிர்த்துப் பேசினவரை யாராவது நாஸ்திகன் என்று ஊரைவிட்டு விலக்கினார்களா? நாக்கை அறுக்கவேண்டும், காதில் ஈயத்தை ஊற்றவேண்டும் என்று யாராவது விதி எழுதினார்களா? குருவின் பேச்சைச் சிஷ்யன் சோதிக்கலாம் என்பதே விஞ்ஞானத்தின் பெருமை. மாறாதது என்பது பெருமையானால், கருங்கல்லுக்குத்தான் முதல் பெருமை.

இரண்டாவது சமாதானம், "இதெல்லாம் எங்கள் முன்னோர்களுக்கு அன்றே தெரியும், அபிமன்யு தாய் வயிற்றிலேயே சக்கர வியூகத்தைக் கேட்டுக் கற்கவில்லையா?" என்பது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கின்றது. பிறந்த குழந்தை தாயின் குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்து அறிகின்றது என்பது 1980-லேயே சோதித்துக் காட்டப்பட்டது. ஆனால் குரல் கேட்பது வேறு. யுத்த தந்திரம் படிப்பது வேறு. வயிற்றிலேயே படிக்கலாம் என்றால், பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலேயே பட்டம் கொடுத்து அனுப்பிவிடலாமே! பள்ளிக்கூடச் செலவாவது மிச்சமாகும். முன்னோர்களுக்கு எல்லாம் தெரியுமானால், முதுகு பிளந்த குழந்தைக்குக் கீரைச் சத்தும், கழலைக்கு அயோடினும் ஏன் சொல்லவில்லை? தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அவர்கள் கொடியவர்கள். தெரியாது என்றால் நீங்கள் சொல்லுவது பொய். இரண்டில் எது என்று அவர்களே சொல்லட்டும்.

இப்பொழுது வேலை எவ்வளவு தூரம் போயிருக்கின்றது என்பதையும் சொல்லுகின்றோம். 2024-ல் ஒரு ஈயின் மூளை முழுவதிலும் உள்ள 1,39,255 நரம்புச் செல்களையும், அவற்றின் ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளையும் படமாக்கி முடித்தார்கள். 2025-ல் சுண்டெலியின் மூளையில் ஒரு கன மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகளவு துண்டில், சுமார் 2 லட்சம் செல்களும் 52 கோடி இணைப்புகளும் எண்ணப்பட்டன. நம் சென்னையிலேயே, ஐ. ஐ. டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார், கருவில் இருக்கும் மனித மூளையை 5,132 மெல்லிய சீவல்களின் படங்களாக்கி, "தரணி" என்று பெயரிட்டு 2024 டிசம்பரில் உலகத்தார் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். பிரம்ம லிபியைப் போல் "உனக்குப் படிக்க யோக்கியதை இல்லை" என்று யாரும் மூடி வைக்கவில்லை. அதில் உள்ள ஆயிரக்கணக்கான படங்களில் எந்தச் செல்லின் மேலாவது ஜாதிப் பெயர் இருக்கின்றதா, விதி எழுதியிருக்கின்றதா என்று வேண்டுகின்றவர்கள் போய்த் தேடிப் பார்க்கட்டும்.

ஆகவே தோழர்களே! நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கல்யாணத்திற்கு முன் ஜாதகத்தைப் புரட்டுவதை விட்டு வைத்தியரிடம் போங்கள். கருவுறும் முன்பே பெண்ணுக்குப் போலிக் அமிலமும் நல்ல சாப்பாடும் கிடைக்கும்படி செய்யுங்கள். வீட்டில் அயோடின் உப்பை உபயோகியுங்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிக்கும்படி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். அந்த வசதி இல்லை என்றால் ஏன் இல்லை என்று உங்கள் பிரதிநிதிகளைக் கேளுங்கள். கண் தெரியாத, காது கேளாத குழந்தையைக் கோயில் வாசலில் உட்கார வைக்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோங்கள். குழந்தையோடு பேசுங்கள், அது "ஏன்?" என்று கேட்டால் வாயை மூடு என்று அடிக்காதீர்கள். விஞ்ஞான மனப்பான்மையையும் கேட்டு ஆராயும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ல் இந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே சேர்த்திருக்கின்றார்கள். ஆகையால் இனிமேல் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, சட்டப்படி கடமை!

தலையின் வெளிப்பக்கத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. தலையின் உட்பக்கத்தில் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. இல்லாததை நம்பி இருப்பதை வீணாக்கினது போதும். இருப்பதை உபயோகியுங்கள்!